மருத்துவருக்குச் சாக்கடைப் பாடம்

பிரிட்டனில் 1848இல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம், ஊர்தோறும் சுகாதார அதிகாரியாக மருத்துவரை அமர்த்த வழிசெய்தது. நாடி பார்க்கத் தெரிந்தவருக்குக் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் புதிது. அந்தக் குறையிலிருந்துதான் மருத்துவப் பட்டத்துக்கு மேற்பட்ட சுகாதாரப் படிப்பு பிறந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1871இலும் கேம்பிரிட்ஜ் 1875இலும் இதற்கெனத் தேர்வு தொடங்கின. 50,000 பேருக்கு மேல் வாழும் வட்டாரங்களில் இந்தத் தகுதியை ஏறக்குறையக் கட்டாயமாக்கியது 1888ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்தியாவிலும் இத்துறையில் பயிற்சி தர, ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு 1932 டிசம்பர் 30 அன்று கல்கத்தாவில் அகில இந்தியச் சுகாதார, பொதுநல்வாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. 1939இல் வங்கத்தின் சிங்கூரில் அதற்கொரு கிராமப் பயிற்சிக் களம் அமைந்தது. வகுப்பறையைவிட அந்தக் களமே பெரிய ஆசான் எனலாம்.

இத்துறையின் கடினமான பாடமும் வங்கத்திலேயே கிடைத்தது. குளத்து நீர் வயிற்றுப்போக்கைத் தருகிறதென்று கிராமங்களில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். 1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, மார்பில் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகளும் தடித்துச் சொரசொரத்த உள்ளங்கைகளுமாக வந்த நோயாளிகளைக் கண்டார். காரணம் அந்தக் கிணறுகளின் நீரில் இருந்த ஆர்செனிக் என்னும் நச்சு. அதற்கு நிறமில்லை, சுவையுமில்லை. குடிநீரில் அதற்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்றிருந்த வரம்பை உலகச் சுகாதார நிறுவனம் 1993இல் 0.01 ஆகக் குறைத்தது.