38 என்றும் 46 என்றும்: பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் தரங்களும் வில்லியம் ஜேம்ஸின் தீர்ப்பும்

பாய்மரக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படை தன் போர்க்கப்பல்களை ஆறு தரங்களாக வகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பீரங்கி எண்ணால் சுட்டி வந்ததை அறிந்தவர்கள், அந்த எண்ணும் கப்பலில் உண்மையாகவே ஏற்றியிருந்த பீரங்கிகளின் தொகையும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வேறுபட்டுப் போயின என்பதையும் அறிவார்கள். 1817 பிப்ரவரியில் பிரின்ஸ் ரீஜெண்டின் ஆணை ஒன்று அந்த வேறுபாட்டை நீக்க முற்பட்டது. வேறுபாடு இருந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதற்கு என்ன பொருள் கொள்வது என்பதில்தான், கடற்படைச் சரித்திராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் வழங்கிய தீர்ப்பை ஏற்க என்னால் இயலவில்லை.

ஜேம்ஸ் எளிதில் ஒதுக்கத்தக்கவர் அல்லர். ஜமைக்காவின் கடல் நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பணியாற்றிய அவர், 1812-இல் போர் மூண்டபோது அமெரிக்காவில் சிக்கித் தடுத்து வைக்கப்பட்டு, பின்னர் ஹாலிபாக்ஸுக்குத் தப்பி வந்தவர். தம் நாட்டுப் பிரிகேட் வகைப் போர்க்கப்பல்கள் அமெரிக்கப் பிரிகேட்டுகளிடம் தோற்ற செய்திகளை எதிரியின் பத்திரிகைகளிலேயே படிக்க நேர்ந்த அந்த அனுபவம் அவர் எழுத்தை இறுதிவரை ஆண்டது. 1817-இல் வெளிவந்த போர் நிகழ்ச்சி நூலிலும், 1822 முதல் 1824 வரை வெளிவந்த கடற்படைச் சரித்திரத்திலும், ஒவ்வொரு கப்பலிலும் எத்தனை பீரங்கி, அவற்றின் குண்டு எத்தனை ராத்தல், மாலுமிகள் எத்தனை பேர் என்று அவர் திரட்டிய விவரங்களுக்கு இன்றும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த நூல்களில் நெடுகப் பாயும் கருத்து ஒன்றே: பெயரளவு எண் பொய், ஏற்றிய தொகையே மெய். அமெரிக்கர் 44 என்று வகுத்த கப்பல்கள் மாறுவேடம் பூண்ட பெருங்கப்பல்களே என்று அவர் வாதித்தார். 1882-இல் தியோடர் ரூஸ்வெல்ட் அவரைக் கடுமையாக மறுத்தாராயினும், அந்த மறுப்பும் போர்வலிமை என்னும் அதே களத்திலேயே நின்றது. எண் எதற்காகப் பிறந்தது என்னும் கேள்வி இருவர்க்கும் இடையே அகப்படாமல் நழுவிவிட்டது.

'தரம்' என்னும் பகுப்பு அக்கடற்படையில் முதன்முதலாகத் தோன்றுவது முதலாம் சார்லஸ் மன்னர் காலத்து 1626-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றில். அப்பட்டியல் பீரங்கிகளைப் பற்றியதே அன்று. மாலுமிக்கும் அதிகாரிக்கும் மாதம் எவ்வளவு சம்பளம் என்பதை ஆறு படிகளாக வகுத்து, ஒவ்வொரு படியையும் இரண்டு பிரிவாக்கி, அவற்றுக்குரிய ஆட்களின் தொகையைச் சொல்வது. பீரங்கி எண் தரத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டது அதற்குப் பின்னரே. 1677-இல் சாமுவேல் பெப்பிஸ் வகுத்த ஏற்பாட்டில்தான் இன்ன தரத்துக்கு இத்தனை பீரங்கி, இத்தனை ஆள் என்னும் விதி உறுதிப்பட்டது. பெப்பிஸ் காலத்தில் எண்ணும் தொகையும் பெரும்பாலும் ஒத்திருந்தன என்பது ஜேம்ஸுக்கு அனுகூலமான விஷயம். அதை நான் மறைக்க விரும்பவில்லை. எனினும் அந்த ஒற்றுமை நிர்வாகத்தின் பொருட்டு வந்தது. கப்பல்தலைவரின் சம்பளம் தரத்தைப் பொறுத்தது. ஆட்களின் தொகை தரத்தைப் பொறுத்தது. பாய், கயிறு, நங்கூரம் முதலியவற்றின் அளவும் அதையே பின்பற்றியது. கணக்கர் அறிய வேண்டியதை ஒரே சொல்லில் அடக்கியது அந்த எண்.

இந்நிலையில் ஸ்காட்லாந்தின் காரன் ஆலையில் வார்க்கப்பட்ட குட்டையான, இலேசான, ஆனால் பெருங்குண்டு எறியும் காரனேடு என்னும் பீரங்கி வந்து சேர்ந்தது. 1779 முதல் அது கப்பல்களின் மேல்தளங்களில் இடம்பெறத் தொடங்கிற்று. நெடும்பீரங்கிக்குப் பதிலாக வைத்தால் எண்ணப்பட்டது. கூடுதலாக வைத்தால் எண்ணப்படவில்லை. இந்த வழக்கம் தொடங்கிய ஆண்டாகச் சிலர் 1778-ஐயும் சிலர் 1779-ஐயும் சொல்வர். ஒரே ஆணையால் பிறந்ததாகத் தோன்றாத ஒரு வழக்கத்துக்கு ஒரே ஆண்டைக் கட்டிவைப்பதில் எனக்கு நாட்டமில்லை. ஆனால் எண்ணாமல் விட்டதன் காரணத்தைப் பற்றி என் கருத்தை உறுதியாகச் சொல்லலாம். 20 பீரங்கிக்குக் குறைந்த கப்பல் 'ஸ்லூப்' எனப்பட்டுக் கமாண்டர் நிலையினர் வசம் இருக்கும். 20-ஐ எட்டினால் ஆறாம் தரமாகி முழுநிலைக் கேப்டனைக் கோரும். கூடுதலாக வைத்த சிறு காரனேடுகளையும் எண்ணியிருந்தால், ஒரு மரக்கட்டையேனும் கூட்டாமல் பல கப்பல்கள் படியேறியிருக்கும். அவற்றோடு சம்பளப் பட்டியலும் ஏறியிருக்கும். எதிரியை ஏமாற்ற விரும்புகிறவன் எண்ணை அவன் கண்முன் நிறுத்துவான். இங்கே எண் நின்றதோ சொந்தக் கருவூலத்தின் முன்னே.

இதனை ஒரே கப்பலைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். 'லீடா' வகுப்புப் பிரிகேட்டுகளுக்கு வகுத்த பீரங்கி ஏற்பாடு இது: பீரங்கித் தளத்தில் 18 ராத்தல் நெடும்பீரங்கி 28; பின்மேல்தளத்தில் 9 ராத்தல் நெடும்பீரங்கி 8, 32 ராத்தல் காரனேடு 6; முன்மேல்தளத்தில் 9 ராத்தல் நெடும்பீரங்கி 2, காரனேடு 2. நெடும்பீரங்கிகளை மட்டும் கூட்டினால் 38. காரனேடுகளையும் சேர்த்தால் 46. பழைய பெயர் எண் 38. 1817-க்குப் பிந்திய எண் 46. இத்தனை துல்லியமாகப் பொருந்தும் கணக்கு இதைவிட வேறு கிடைப்பது அரிது. இந்த வகுப்பைச் சேர்ந்ததே, 1813-இல் அமெரிக்கச் 'செசபீக்'கைப் பிடித்துப் புகழ்பெற்ற 'ஷானன்'. இந்த வகுப்பைச் சேர்ந்ததே, ஈழத்துத் திருகோணமலையின் பெயர் தாங்கிய 'டிரிங்கோமலீ'.

'டிரிங்கோமலீ'யின் கதையில் ஜேம்ஸை வாட்டிய போரே குறுக்கிடுகிறது. பம்பாயில் கட்டுவதற்காக அனுப்பிய அதன் வரைபடங்கள் 'ஜாவா' என்னும் பிரிகேட்டில் சென்றன. 1812 டிசம்பர் 29-இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் 'கான்ஸ்டிடியூஷன்' அதனை வென்று அழித்ததால், மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. பார்சிக் கப்பற்கலைஞர் ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியாவின் மேற்பார்வையில் மலபார்த் தேக்கினால் உருவாகி, 1817 அக்டோபர் 12-இல் அது நீரில் இறங்கியது. அதாவது 38 ஆக உத்தரவிடப்பட்ட கப்பல், கடலைக் காணுமுன்னரே 46 ஆகிவிட்டது. அதற்காகக் கப்பலின் நீளமோ அகலமோ கூடவில்லை. ஆயினும் ஒரு பாடபேதத்தைக் கவனிக்க வேண்டும். இக்கப்பலுக்குரியதாகத் தரப்படும் ஏற்பாட்டில் பின்மேல்தளத்தில் 9 ராத்தல் பீரங்கிகளே இல்லை, 14-ம் காரனேடுகள். முன்மேல்தளத்தில் மட்டும் 2 நெடும்பீரங்கியும் 2 காரனேடும். கூட்டினால் இதுவும் 46-தான். ஆனால் எட்டு இடங்களில் காரனேடு நெடும்பீரங்கியின் ஆசனத்தில் அமர்ந்திருப்பதால், பழைய விதிப்படி எண்ணினாலும் 38 பிசகாது. கருவி மாறினும் எண் மாறவில்லை என்றால், அந்த எண் கருவிகளை எண்ணியதன்று, கப்பலில் ஒதுக்கிய இடங்களை எண்ணியது என்றே கொள்ள வேண்டும். ஜேம்ஸின் பொய்-மெய் என்னும் இருமைக்குள் இந்த 38 அடங்காது.

எதிரில் நின்ற 'கான்ஸ்டிடியூஷ'னோ 44 என்ற பெயருடையது. 1794-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமே அந்த எண்ணை விதித்தது. 1812-இல் அதன் பீரங்கித் தளத்தில் 24 ராத்தல் நெடும்பீரங்கி 30 இருந்தன. அத்தளத்தில் மட்டும் ஒரு பக்கத்து வெடிப்பைக் கணக்கிட்டால் அங்கே 360 ராத்தல், 'லீடா' வகுப்பில் 252 ராத்தல். 38-க்கும் 44-க்கும் உள்ள இடைவெளி இந்த வேற்றுமையில் பாதியைக்கூடக் காட்டாது. பெயர் எண் போர்வலிமையை அளக்கப் பயன்படாது என்ற அளவில் ஜேம்ஸ் சரியே. அளக்கவே பிறந்தது என்று அவர் கருதியதே பிழை.

அவருக்கு எதிரான வலிய சாட்சி அவருடைய சரித்திரத்திலேயே அச்சாகியிருக்கிறது. 1817 ஆணைக்கு முன் அட்மிரால்டி சபையார் பிரின்ஸ் ரீஜெண்டுக்குச் சமர்ப்பித்த விண்ணப்பத்தில், பழைய விதியிலிருந்து எண்கள் விலகியது காரனேடுகளின் வருகை என்னும் தற்செயலான காரணத்தால்தான் என்றும், ஏமாற்றும் உத்தேசம் எதுவும் அதில் இல்லை என்றும் சொல்லி, 38 பீரங்கிப் பிரிட்டிஷ் பிரிகேட் 44 பீரங்கி அந்நியப் பிரிகேட்டைப் பிடித்தது என்று அறிவிக்கும்போது பிற நாட்டார் நம்மைப் பொய்யர் என்று குற்றம் சாட்ட இடமாகும் என்று அஞ்சுகிறார்கள். உத்தேசம் இல்லை என்பது தம்மைக் காத்துக்கொள்ளும் அதிகாரிகளின் கூற்று என்று எவரேனும் தள்ளலாம். ஆனால் அவர்கள் அஞ்சியது எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கர் தவறாகச் சம்பளம் கொடுப்பார் என்றோ, கிடங்கில் கயிறு குறையும் என்றோ அவர்கள் அஞ்சவில்லை. வெளியார் படிக்கும் அறிக்கையில் அந்த எண் எப்படித் தோன்றும் என்றே அஞ்சினார்கள். சபையின் உள்வீட்டுக் கணக்காக இருந்த எண், போர்ச் செய்திகள் அச்சேறிப் பரவிய காலத்தில், வெற்றி தோல்வியை நிறுக்கும் கல்லாக ஊரார் கையில் மாறியிருந்தது. அந்த மாற்றத்தின் ஒவ்வொரு படியையும் காட்ட ஆவணம் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 1812-ஆம் ஆண்டுப் போரும், அதில் 38-களும் 44-களும் திரும்பத் திரும்ப எதிரெதிர் நின்றதும் இல்லாவிடில், சுமார் 40 ஆண்டு எவரையும் உறுத்தாத வழக்கம் அந்த வேளையில் திடீரென மானக்கேடாகத் தோன்றியிருக்க வேறு தக்க காரணம் எனக்குப் புலப்படவில்லை. ஜேம்ஸ் அந்த ஊராரில் ஒருவர். அவர்களுடைய கண்ணால் 1780-களையும் பார்த்துவிட்டார்.

1817-இன் திருத்தமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1819-இல் போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்து நெடுங்காலம் சும்மா கிடந்த 'டிரிங்கோமலீ', எண்ணிக்கையில் குறைந்து கனத்தில் மிகுந்த பீரங்கிகளை ஏற்று, 26 பீரங்கிக் கார்வெட்டாக மறுபிறவி எடுத்தது. இதை 1845-க்கு உரியதாகக் கொள்வதா, மீண்டும் பணியில் அமர்ந்த 1847-க்கு உரியதாகக் கொள்வதா என்பது வேலை தொடங்கிய நாளை எண்ணுகிறோமா, முடிந்த நாளை எண்ணுகிறோமா என்பதைப் பொறுத்தது; நான் எதையும் வற்புறுத்தவில்லை. 38, 46, 26 என்று மூன்று எண்களைத் தாங்கிய அதே தேக்குடல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. 1856-இல் தரங்களை மீண்டும் வகுத்தபோது, முதல் தரத்துக்கு 110 பீரங்கியேனும் 1,000 ஆட்களேனும் இருந்தால் போதும் என்று விதித்தார்கள். 1626-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டியலில் தரத்தை நிர்ணயித்த ஆள்தொகை, 230 ஆண்டுகளுக்குப் பின் பீரங்கிக்குச் சமமான ஆசனத்தில் மறுபடி வந்து அமர்ந்தது.