சக்கரத்துக்குத் தோள் கொடுத்தவர்கள்

ஆங்கிலத்தில் 'ஷோல்டர் டு த வீல்' என்று ஒரு மரபுத்தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'சக்கரத்தில் தோளை வை' என்று வரும். முழுமூச்சோடு வேலையில் இறங்கு என்பதே அதன் பொருள்.

இது ஈசாப்புக் கதையிலிருந்து வந்தது. வண்டிக்காரன் ஒருவனின் வண்டி சேற்றில் புதைந்துவிட்டது. அவன் கீழே இறங்கவில்லை. ஹெர்குலிஸ் என்ற பலசாலித் தெய்வத்தைக் கூவி அழைத்தான். தெய்வம் வந்தது. "முதலில் உன் தோளைச் சக்கரத்தில் வை, மாட்டை ஓட்டு, பிறகு என்னைக் கூப்பிடு" என்றது.

தமிழில் 'தோள் கொடுத்தல்' என்றால் பிறருக்கு உதவுவது. ஆங்கிலத் தொடரோ, நம் வேலைக்கு நாமே பாடுபடுவதைக் குறிக்கும். தேர்வு நெருங்கும்போது ஆசிரியர் மாணவனிடம் இதைச் சொல்லலாம். ஒரு குடம் தண்ணீர் எடுத்துவரச் சொல்லும்போது இது பொருந்தாது. கடினமான, நாள்பட்ட உழைப்புக்கே இந்தச் சொல் உரியது. வள்ளுவரும் இந்தக் கருத்துக்கு 'ஆள்வினையுடைமை' என்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.

இத்தொடருக்கு நம் தோட்டப்புறச் சரித்திரத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. மலாயா 1957-இல் சுதந்திரம் அடைந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்றோம். பெரட்டுக் களம் வெறிச்சோடியது. வேலை போனதோடு லயத்து வீடும் போனது. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், குலம் காத்த கோயிலும் கேள்விக்குறியாயின.

அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பேசினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு 10 வெள்ளி சிறிய தொகையன்று. அரிசிக்கும் பருப்புக்கும் போக வேண்டிய பணம் அது. ஆயினும் கொடுத்தார்கள். அந்தப் பணம் சேர்ந்துதான் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாக வாங்கப்பட்டது. பின்னர் வேறு தோட்டங்களும் வந்தன. சம்பந்தன் 1979-இல் மறைந்தார். சங்கம் இன்றும் இயங்குகிறது.

துண்டாடலை அது முழுவதும் நிறுத்திவிடவில்லை. ஆனால் கூலிக்காரர் என்று அழைக்கப்பட்டவர்கள் தோட்டத்துக்குப் பங்காளிகள் ஆனார்கள். அது சாதாரண மாற்றமா?

நம் நெகிரி செம்பிலானில், செண்டாயான் பக்கம் தோட்டங்கள் இருந்த நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புதுநகர் எழுந்திருக்கிறது. நிலம் கைமாறுவது இன்னும் ஓயவில்லை. யாராவது வந்து வண்டியைத் தூக்கிவிடுவார்கள் என்று பார்த்திருந்தால் சேறுதான் இறுகும். பிள்ளையின் படிப்பானாலும், சொந்த வீட்டுக்கான சேமிப்பானாலும், முதல் தோள் நம்முடையதாக இருக்கட்டும். அடுத்த தோள்கள் தானே வந்து சேரும்.