விமானம் இருந்தது, பைலட் இருந்தார், யார் எங்கேன்னுதான் தெரியல

டூர் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே நம்மில் பலர் ஆரம்பிச்சுடுவோம். ஏர்லைன் ஆப்பைத் திறந்து, பிஎன்ஆர் போட்டு, நேரம் ஏதாவது மாறியிருக்கான்னு பார்ப்போம். அடுத்து வானிலை ஆப். புயல் இல்லைன்னு தெரிஞ்சா மனசு கொஞ்சம் லேசாகும். ஆனா புயல் போன பிறகும், வெயில் அடிக்கிற ஊர்களில்கூட, ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தான ஒரு வாரம் இருக்கு. 2022 கிறிஸ்துமஸ் வாரம், அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ். சாஃப்ட்வேர் வேலையில இருக்கிற யாருக்கும் இந்தக் கதையைக் கேட்டா வயிற்றைக் கலக்கும்.

முதல்ல 50 வருஷம் பின்னாடி போவோம். 1971 ஜூன் 18 அன்று சவுத்வெஸ்ட் பறக்க ஆரம்பிச்சது. டெக்சாஸ் மாநிலத்துக்குள்ள டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோன்னு மூணே ஊர். பெரிய ஏர்லைன்கள் போட்ட வழக்குகளை எல்லாம் தாண்டி வர்றதுக்கே மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. 1972-ல் கையில காசு இல்லாம, இருந்த நாலு விமானத்தில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. விமானம் மூணாச்சு, ஆனா அட்டவணையைக் குறைக்க அவங்களுக்கு மனசில்லை. அதனால விமானம் தரையில நிற்கிற நேரத்தைக் குறைச்சாங்க. வந்து நின்னு, ஆளை இறக்கி, ஆளை ஏத்தி, 10 நிமிஷத்துல மறுபடி கிளம்பணும். இந்தப் பத்து நிமிஷ உத்திதான் பிற்பாடு உலகத்தின் மலிவு விலை ஏர்லைன்களுக்கெல்லாம் பாடம் ஆச்சு. நம்ம டிக்கெட் விலை குறைஞ்சதுக்கு அதுக்கும் ஒரு பங்கு உண்டு. தரையில நிற்கிற விமானம் சம்பாதிக்காது, அவ்வளவுதான் கணக்கு.

ஆனா நிற்கிற நேரம்தான் தாமதத்தை உறிஞ்சிக்கிற பஞ்சு. அது மெலிசானா, காலையில ஒரு ஊர்ல நடந்த தாமதம் சாயந்திரம் வேற ஊர் பயணிக்குப் போய்ச் சேரும்.

இன்னொரு விஷயமும் சேர்ந்துக்கிச்சு. டெல்டா, யுனைடெட் மாதிரி பெரிய ஏர்லைன்கள் பெரும்பாலும் ஒரு பெரிய மைய நிலையத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பும். சிக்கல் வந்தா அந்த ஒரு கிளையை வெட்டிவிட்டு மற்றதை ஓட்டலாம். சவுத்வெஸ்ட் விமானம் நம்ம ரூட் பஸ் மாதிரி ஊர் ஊரா போய்க்கிட்டே இருக்கும். பைலட்டும் பணிப்பெண்களும் வீட்டை விட்டுக் கிளம்பினா, பல நாள் கழிச்சுத்தான் திரும்புவாங்க. நடுவுல விமானம் மாறும், கூட வேலை பார்க்கிற ஆளும் மாறுவார். எல்லாம் நேரத்துக்கு ஓடுறவரைக்கும் இதைவிட அழகான திட்டம் இல்லை.

2022 டிசம்பர் 21 வாக்கில் பெரிய குளிர்காலப் புயல் வந்தது. டென்வரும் சிகாகோவின் மிட்வே விமான நிலையமும் சவுத்வெஸ்ட்டின் மிகப் பெரிய தளங்களில் சேர்ந்தவை. இரண்டும் உறைஞ்சு போச்சு. எல்லா ஏர்லைன்களும்தான் அடி வாங்கின. ஆனா கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் மற்றவங்க எழுந்து நடக்க ஆரம்பிச்சாங்க. சவுத்வெஸ்ட் மட்டும் டிசம்பர் 26 அன்று 2,900-க்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. அன்று அந்த நாடு முழுக்க ரத்தானவற்றில் பெரும்பங்கு இந்த ஒரே நிறுவனத்தோடது. மிட்வேயிலும் டென்வரிலும் பெட்டிகள் வரிசை வரிசையாகக் குவிஞ்சு கிடந்த படங்களை நீங்க அப்போ பார்த்திருப்பீங்க.

ஏன் அப்படி? இங்கதான் ஸ்கைசால்வர் வருது. விமானம் ரத்தானா, அதில் போக வேண்டிய ஊழியர்களை வேற விமானங்களுக்கு மாற்றிப் பொருத்துற சாஃப்ட்வேர். இது லேசான கணக்கு இல்லை. யாருக்கு எவ்வளவு ஓய்வு மிச்சம், சட்டப்படி இன்னும் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், இப்போ எந்த ஊர்ல இருக்கார், எல்லாத்தையும் பார்க்கணும். ஸ்கைசால்வர் தன் வேலையைச் செய்யத்தான் செய்தது. ஆனா அது இனிமேல் கிளம்பப்போற விமானங்களுக்கு விடை தேடுறதுக்காகக் கட்டப்பட்டது. புயல்ல ரத்துகள் வந்த வேகத்தில், அது விடை கண்டுபிடிக்கிறதுக்குள்ள கேள்வியே மாறிப்போச்சு. கிளம்ப வேண்டிய நேரம் கடந்துபோன விமானங்களின் சிக்கல்கள் குவிஞ்சுக்கிட்டே போச்சு. கடந்துபோனதைத் தீர்க்க அதுக்குத் தெரியாது.

கடைசியில கையால செய்ய வேண்டி வந்தது. அட்டவணை போடுறவங்க ஒவ்வொரு ஊழியரையும் ஒவ்வொரு விமானத்தோட பொருத்த உட்கார்ந்தாங்க. அந்தப் பக்கம் பைலட்டுகள் "நான் இந்த ஊர்ல இருக்கேன், எங்க போகணும்?"னு கேட்க போன் போட்டு மணிக்கணக்கில் ஹோல்டில் காத்திருந்தாங்க. காத்திருக்கிற நேரத்தில் சிலருடைய பணி நேர வரம்பு முடிஞ்சிடும். அப்புறம் அவங்க பறக்கக்கூடாது. அப்போ பொருத்தி வெச்சது மறுபடி கலையும். விமானம் இருக்கு, பைலட் இருக்கார், பயணி இருக்கார், மூணும் ஒரே ஊரில்கூட இருக்கலாம். அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டேட்டாபேஸ் ஒண்ணு சொல்லி, நிஜம் வேற ஒண்ணு சொன்னா என்ன ஆகும்னு ஒரு ராத்திரியாவது ஆன்கால்ல இருந்தவங்களுக்குப் புரியும்.

கடைசியில நிறுவனம் தானாகவே அட்டவணையை மூன்றில் ஒரு பங்காக வெட்டிச்சு. சும்மா கிடந்த விமானங்களையும் ஆட்களையும் சரியான ஊர்களுக்கு நகர்த்தி, டிசம்பர் 30 அன்று கிட்டத்தட்ட வழக்கம்போல ஓட ஆரம்பிச்சது. சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி ஒரு ஏர்லைனையே ரீஸ்டார்ட் பண்ணாங்க. மொத்தத்தில் 16,900 விமானங்கள் ரத்து, 20 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் தவிச்சுப் போனாங்க. இது திடீர்னு முளைச்ச பிரச்சினையும் இல்லை. 2021 அக்டோபரில் சின்ன அளவில் ஒரு ஒத்திகை நடந்தே இருந்தது. பைலட் சங்கம் வருஷக்கணக்கா எச்சரிச்சுக்கிட்டு இருந்தது. 2023 பிப்ரவரியில் செனட் விசாரணைக்கு வந்த நிறுவனத்தின் செயல்பாட்டுத் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

பயணிக்கு இதில் முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு: ரத்துக்குக் காரணம் யார்? அமெரிக்காவில் டிக்கெட் பணம் எப்படியும் திரும்ப வரணும். ஆனா ஓட்டல் அறையும் சாப்பாடும் கிடைக்குமா என்பது, கோளாறு ஏர்லைனின் கட்டுப்பாட்டில் இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது. வானிலைன்னு சொல்லிட்டா கதை வேற. அதனால அந்த வாரத்தில் புயல் எந்த நாளோட முடிஞ்சது, நிர்வாகக் கோளாறு எந்த நாள்ல தொடங்குச்சு என்பது வெறும் வரலாற்றுக் கேள்வி இல்லை, காசு சம்பந்தப்பட்ட கேள்வி. 2023 டிசம்பரில் அரசு 14 கோடி டாலர் அபராதம் விதிச்சது. அதுவரை இந்த மாதிரி அபராதங்களில் இருந்த உச்சத்தைப் போல 30 மடங்கு. அதிலும் ரொக்கமாகக் கருவூலத்துக்குப் போக வேண்டியது 3.5 கோடிதான். பெரும்பகுதி, இனிமேல் தன்னால் தாமதமாகும் பயணிகளுக்கு அந்த ஏர்லைன் 75 டாலர் வவுச்சரா கொடுக்கணும். எனக்கு இந்த ஏற்பாடு பிடிச்சிருக்கு. அபராதம் அடிபட்ட ஆள் கைக்கே போற மாதிரி தண்டனைகள் ரொம்ப அபூர்வம்.

நம்ம ஊர்லயும் இதோட தம்பி ஒருத்தன் வந்தான். பைலட்டுகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48-ஆக உயர்த்தும் விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியாகிடுச்சு. இரவு நேரத் தரையிறக்கங்களுக்கான கட்டுப்பாடு உட்பட அவற்றின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தயாராக அவகாசம் இருந்தும், டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவுக்கு ஆள் போதலை. டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்து. கடைசியில அட்டவணையில் 10 சதவீதத்தைக் குறைக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. அந்த வாரத் தொடக்கத்தில் நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தில் காரணங்கள் ஒரு பட்டியலா இருந்தன. சின்னச் சின்ன தொழில்நுட்பக் கோளாறு, குளிர்கால அட்டவணை மாற்றம், விமான நிலைய நெரிசல், புது பணி நேர விதி. கூடவே வானிலையும்.