துவக்கின் கண்: .303 ரைபிளும் ஹேவாஹெட்டை மலைகளும்

தெல்தோட்டை வழியாக லூல்கந்துர தோட்டத்திற்குச் செல்பவர்களுக்கு, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கிய இடத்தைக் காட்டுவது வழக்கம். அதே ஹேவாஹெட்டை மலைகளில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. இப்பகுதியின் தேயிலை வரலாறு பலராலும் எழுதப்பட்டு விட்டது. அத்தேயிலைக்குக் காவல் நின்ற துவக்கின் வரலாறு அந்த அளவிற்கு எழுதப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். இக்கட்டுரை அத்துவக்கின் ஓர் உறுப்பை, அதாவது அதன் குறியைப் பற்றியது.

இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டுப் பின்னர் இராணுவங்களால் கழித்துவிடப்பட்ட .303 லீ என்பீல்ட் ரைபிள்கள் அமெரிக்கா, கனடா முதலான நாடுகளில் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களுள் பலர் முதலில் மாற்ற விரும்பியது குழலையோ கட்டையையோ அல்ல; குறியைத்தான். நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் காரணமாக இந்தப் பொழுதுபோக்குக்கு இடமிருக்கவில்லை. எனினும் அந்த மாற்றத்தின் தொடக்கக் கதையில் கண்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

துவக்கில் இரு குறிகள் உள்ளன. குழலின் நுனியில் நிற்கும் சிறு முனை முன்குறி. கண்ணுக்கு அருகில் இருப்பது பின்குறி. பழைய லீ என்பீல்டில் பின்குறி என்பது ஒரு தகட்டில் வெட்டப்பட்ட பள்ளம். அப்பள்ளம், முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்திச் சுட வேண்டும். ஆனால் மனிதக் கண்ணால் ஒரே சமயத்தில் இவற்றுள் ஒன்றை மட்டுமே தெளிவாகப் பார்க்க முடியும்.

குறி தவறினால் என்ன நடக்கும் என்பதைப் பிரித்தானியா போவர் யுத்தத்தில் கற்றுக்கொண்டது. 1899இல் தொடங்கிய அந்த யுத்தத்திற்கு அனுப்பப்பட்ட லீ என்பீல்ட் ரைபிள்களில் ஒரு தொகுதியின் குறி சரியாகப் பொருத்தப்படாததால், 500 யார் தூரத்தில் (ஒரு யார் என்பது மூன்று அடி) குண்டுகள் ஏறத்தாழ 18 அங்குலம் வலப்புறம் விலகிச் சென்றன. எதிரே நின்ற போவர் விவசாயிகளோ மவுசர் ரைபிளைத் திறம்படக் கையாண்டவர்கள். அந்த யுத்த காலத்தில், 1900இல் கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை உருவாக்கப்பட்டது. தேயிலை, இறப்பர் தோட்டங்களின் ஐரோப்பியத் துரைமாரே அதன் சிப்பாய்கள். அவர்கள் தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேற, அங்கு பிடிபட்ட போவர் கைதிகள் ஆயிரக்கணக்கில் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

யுத்தத்தின் பாடங்களுடன் 1907இல் குட்டை லீ என்பீல்ட் மார்க் 3 வந்தது. அதன் பின்குறித் தகட்டில் 2000 யார் வரை அளவு பொறிக்கப்பட்டிருந்தது. கூட்டமாகச் சுடுவதற்கென்று பக்கவாட்டில் பொருத்தப்பட்ட தனிக்குறி 2800 யார் வரை காட்டியது. ஒன்றரை மைலுக்கும் அதிகமான அத்தூரத்தில் ஒரு மனிதனை வெறுங்கண்ணால் அடையாளம் காண்பதே அரிது. 1914இல் கண்டித் துரைமாரின் ஒரு பிரிவு எகிப்துக்குச் சென்று சுயஸ் கால்வாயைக் காத்து, 1915இல் கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலர்களாகவும் நின்றது. பதுங்கு குழிப் போர் அந்தத் தொலைதூரக் கணக்கைப் பொய்யாக்கியது. 1916இல் வந்த மலிவு வடிவத்தில் பக்கவாட்டுக் குறியையும், பின்குறியை இடம் வலமாக நகர்த்தும் திருகையும் நீக்கி விட்டார்கள்.

உண்மையான மேம்பாடு இதன் பின்னர்தான் வந்தது. 1920களின் பரிசோதனைகளின் முடிவில் 1939இல் ஏற்கப்பட்ட இலக்கம் 4 ரைபிளில், பின்குறி குழலின் நடுவிலிருந்து கண்ணுக்கு அருகே நகர்த்தப்பட்டது. பள்ளத்திற்குப் பதிலாக ஒரு துளை வைக்கப்பட்டது. மாற்றம் சிறியது, பயனோ பெரியது. பழைய ரைபிளில் இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 19½ அங்குலம். புதியதில் 28½ அங்குலம். முன்குறியை நிறுத்துவதில் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கு பிசகினால், 300 யாரில் பழையதன் குண்டு 5½ அங்குலம் விலகும். புதியதன் குண்டு நான்கு அங்குலத்திற்கும் குறைவாகவே விலகும். தோட்டா அதே வகையானது. இந்த வித்தியாசம் பார்க்கும் முறையால் வந்தது.

துளைக்குறியில் இன்னொரு நன்மையும் உண்டு. துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும். சிறு துளை வழியே பார்க்கும்போது முன்குறியும் இலக்கும் கூடுதல் தெளிவாகத் தெரியும். ஐம்பதைக் கடந்து, மூக்குக்கண்ணாடி இல்லாமல் பத்திரிகை படிக்க முடியாத என் போன்றவர்கள், ஒரு காகிதத்தில் ஊசித்துளையிட்டு அதன் வழியே எழுத்துக்களைப் பார்த்தால் இவ்வுண்மையை உணரலாம். பழைய ரைபிள் வைத்திருப்போருள் வயதானவர்கள் துளைக்குறியை நாடுவதற்குக் காரணம் இதுவே. பிஸ்லி போன்ற போட்டித் திடல்களில் பர்மிங்ஹாமின் பார்க்கர் ஹேல் நிறுவனத்தின் துளைக்குறிகள் புகழ்பெற்றவை. திருகை ஒவ்வொரு ‘கிளிக்’ ஆகத் திருப்பிக் குண்டு விழும் இடத்தை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தலாம்.

அது கிடைக்காதவர்கள் முன்குறியை மட்டும் மாற்றுவதுண்டு. முன்குறிகள் 0.015 அங்குல வித்தியாசத்தில் பல உயரங்களில் செய்யப்பட்டன. குண்டு தாழ்வாக விழுந்தால் முன்குறியைக் குட்டையாக்க வேண்டும். ஒரு படி மாறினால் இலக்கம் 4இல் 100 யாருக்கு ஏறத்தாழ 2 அங்குலம் உயரும். தொலைநோக்கி பொருத்துவது அவ்வளவு இலகுவன்று. தோட்டாவை மேலிருந்து திணிக்கும் ரைபிள் இது. தொலைநோக்கி அவ்வழியை அடைத்து விடும். கன்னம் பதியும் கட்டையையும் உயர்த்த வேண்டும். யுத்த காலத்தில் ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் நிறுவனம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கம் 4 ரைபிள்களுக்குத் தொலைநோக்கி பொருத்திக் கொடுத்தது. இன்றைய ஆர்வலர் ஒருவர் இதே வேலைக்கென்று பழைய ரைபிளின் உடலில் துளையிட்டால், வரலாற்றுப் பொருளாக அதற்கிருந்த மதிப்பு போய்விடும்.

இந்தியாவின் இசாப்பூர் தொழிற்சாலை செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. 1962 சீன யுத்தத்தின் பின் இதே பழைய அமைப்பில் 7.62 மில்லிமீற்றர் தோட்டாவுக்கென ரைபிள் செய்தபோது, பின்குறியின் எல்லையை 2000இலிருந்து 800 மீற்றராகக் குறைத்தார்கள். பொய்யான தூரத்தை அழித்து, மெய்யான தூரத்தை எழுதியதும் ஒரு மேம்பாடுதான்.

மெய்யான தூரம் என்றதும் ஹேவாஹெட்டைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 1940 ஜனவரி 10ஆந் திகதி, வேலைநிறுத்தம் நடந்த முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைப்பது பற்றி எழுந்த தகராறில் அமைச்சர் சபையே பதவி விலகும் நிலை உருவாகியது. மலையகம் ஜனவரி 10ஐத் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறது. முல்லோயாவில் எவரும் துவக்கின் குறியின் துல்லியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சுட்டது நியாயமா என்பதே கேள்வி.

1949இல் துரைமார் படை கலைக்கப்பட்டது. அதே ஆண்டு இலங்கை இராணுவம் உருவானது. .303 மட்டும் நீண்ட காலம் ஓய்வு பெறவில்லை. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரும் காவலரண்களில் அதைத் தோளில் மாட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். உத்தரப்பிரதேசப் பொலிஸார் அதற்கு விடைகொடுத்தது 2020 ஜனவரியில்தான்.

பழைய ரைபிளின் குறியை மேம்படுத்துவதில் ஈடுபாடுள்ளவர்களை நான் குறை கூறவில்லை. அது நுட்பமான கலை. பொறுமையும் கணக்கும் வேண்டிய கலை. ஆனால் எந்தத் துளைக்குறியும், எந்தத் தொலைநோக்கியும், குண்டு எங்கே போகும் என்பதை மட்டுமே சொல்லும். அது போக வேண்டுமா என்பதைத் துவக்கைப் பிடித்தவரும் அவருக்குக் கட்டளையிட்டவருமே சொல்ல வேண்டும். ஆகவே கண்டித் துரைமார் படையின் வீரத்தைப் பற்றி எழுதுவோர், அதே மலைகளில் துவக்கின் முன்னால் நின்ற கோவிந்தனின் பெயரையும் அருகில் எழுதுவார்களானால், அந்த வரலாற்றின் குறியும் சற்றுச் சரியாகும்.