இலையிலிருந்து எழுந்த ரகங்கள்: ஆப்பிரிக்க வயலட் இனவிருத்தியின் முதல் நூற்றாண்டு

ஆப்பிரிக்க வயலட்டின் புதிய ரகங்கள் எப்படி உருவாயின என்று கேட்டால், ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவிய கலப்பாளரைத்தான் பலரும் நினைப்பார்கள். 1950களுக்குப் பிந்தைய வரலாற்றுக்கு இது பொருந்தும். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டின் ஆவணங்களோ வேறொரு கதையைச் சொல்கின்றன. பூவின் நிறமும் அடுக்கும் இலையின் வடிவும் முதன்முதலாகப் பெரிய அளவில் மாறியது, செடியைப் பெருக்க இலையை நடும் வழக்கம் பரவிய பிறகுதான். ஒரு ரகத்தைக் காப்பாற்றுவதற்காகக் கைக்கொண்ட முறையே அடுத்த ரகங்களையும் ஈன்றது என்பது இக்கட்டுரையின் வாதம்.

விதையின் காலம்

இன்றைய டான்சானியாவின் வடகிழக்கில் டாங்கா துறைமுகமும் அதன் பின்னே உசம்பாரா மலைகளும் உள்ளன. 1890களில் அப்பகுதி ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்திருந்தது. அங்கே மாவட்ட அதிகாரியாக இருந்த வால்டர் ஃபொன் செயின்ட் பால்-இல்லேர், பாறை இடுக்குகளில் வளர்ந்த இச்செடியைக் கண்டு, ஜெர்மனியில் இருந்த தம் தந்தை உல்ரிக்குக்கு அனுப்பினார். தந்தை அதை ஹனோவர் நகரின் ஹெரன்ஹாவுசன் தோட்டத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஹெர்மன் வென்ட்லாண்டிடம் சேர்த்தார். 1893இல் வென்ட்லாண்ட் அதைப் புதிய பேரினமாக விவரித்து, தந்தை மகன் இருவரின் நினைவாக ‘செயின்ட்பாலியா அயோனாந்தா’ என்று பெயரிட்டார். அதே ஆண்டு பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த தோட்டக்கலைக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1880களில், ஜான் கிர்க் போன்றோர் அனுப்பிய மாதிரிகள் லண்டனின் கியூ தோட்டத்தை எட்டியிருந்தன. ஆனால் அவற்றைக் கொண்டு செடியை முறையாக விவரிக்க இயலவில்லை.

விதை விற்கும் உரிமையைப் பெற்றவர் எர்ஃபுர்ட் நகரின் எர்ன்ஸ்ட் பெனாரி நிறுவனத்தார். சில ஆண்டுகளுக்குள் அவர்களது பட்டியலில் நீலத்தோடு செவ்வூதா போன்ற சாயல்களும் இடம்பெற்றன. இவற்றை இன்றைய பொருளில் ரகங்கள் என்று சொல்ல இயலாது. விதைப் பொட்டலத்தில் வந்தவை தலைமுறைக்குத் தலைமுறை சற்றே பிரிந்துபோகும் கூட்டங்கள். ஒரே பொட்டலத்தில் முளைத்த இரு செடிகளும் ஒன்றுபோல் இருக்கும் என்று யாரும் உறுதி தர இயலாது.

அந்த விதைகளின் மூலமும் கலவையானதுதான். செடிகள் இரு வேறு இடங்களில் திரட்டப்பட்டன: ஒன்று டாங்காவுக்கு அருகே கடல் மட்டத்துக்குச் சற்றே மேலுள்ள சுண்ணாம்புப் பாறைகள், மற்றது உசம்பாராவின் உயரமான காடு. எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தின் பி. எல். பர்ட் பிற்காலத்தில் பழைய பதிவுகளைத் துருவி ஆராய்ந்தபோது, தொடக்கத்திலிருந்தே இரண்டு இனங்கள் ஒரே பெயரில் வளர்க்கப்பட்டு வந்தது தெரிந்தது. ஆகவே ஐரோப்பியத் தோட்டங்களில் வண்டுகளும் மனிதர்களும் அறியாமலே கலப்பு நிகழ்ந்திருக்க வாய்ப்புண்டு. பெனாரியின் விதைகளில் தோன்றிய சாயல்களுக்கு இக்கலவை ஒரு காரணம் என்று கொள்வது நியாயமே.

பத்துச் செடிகள்

நியூயார்க்கில் பூ வணிகர் ஜார்ஜ் ஸ்டம்ப் 1894இலேயே இச்செடியை இறக்குமதி செய்தார். ஆனால் அது அங்கே பரவலாக வேர்கொள்ளவில்லை. திருப்பம் 1920களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் வந்தது. ஆர்மகாஸ்ட் அண்ட் ராய்ஸ்டன் என்ற நாற்றுப்பண்ணை ஜெர்மனியின் பெனாரியிடமிருந்தும் இங்கிலாந்தின் சட்டன்ஸ் நிறுவனத்திடமிருந்தும் விதை வாங்கி விதைத்தது. முளைத்தவை ஏறத்தாழ ஆயிரம். அவற்றுள் தேர்ந்தெடுக்கப்பட்டவை பத்து. ‘புளூ பாய்’, ‘செய்லர் பாய்’, ‘அட்மிரல்’, ‘நெப்டியூன்’, ‘வைக்கிங்’, ‘அமதிஸ்ட்’ ஆகியன அவற்றுள் சில. அமெரிக்காவில் இவற்றை ‘முதல் பத்து’ என்று இன்றும் மதிக்கிறார்கள்.

இங்கே நடந்தது கலப்பு என்பதைவிடத் தேர்வு. தேர்ந்த பத்தையும் மாறாமல் விற்க வேண்டும் என்றால் விதை உதவாது. எனவே பண்ணையார் இலையை நட்டார்கள். காம்போடு கிள்ளிய இலையை ஈரமான மணற்கலவையில் செருகினால், சில வாரங்களில் வேர்விட்டு, இரண்டு மூன்று மாதங்களில் காம்பின் அடியில் கன்றுகள் தலைகாட்டும். ஒவ்வொன்றும் தாய்ச்செடியின் மறுபதிப்பு. பெயரிட்ட, நிலையான ரகம் என்ற ஒன்று ஆப்பிரிக்க வயலட்டுக்கு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

‘புளூ பாய்’ வீடுகளுக்குள் நுழைந்த வேகம் பெரிது. ஒரு சன்னலோரச் செடியின் இலை அண்டை வீட்டுக்குப் போகும். அங்கிருந்து உறவினர் வீட்டுக்கு. சில ஆண்டுகளில் ஒரே செடியின் பிரதிகள் எண்ணற்றவையாகப் பெருகின. அவ்வளவு பிரதிகளுக்கு நடுவே ஒன்று மாறினால் உடனே கண்ணில் படும். 1930களின் இறுதிக்கும் 1940களின் தொடக்கத்துக்கும் இடையே அப்படி மாறியவை அடுத்தடுத்து வந்தன: இதழ் அடுக்கிய ‘டபுள் புளூ பாய்’, இளஞ்சிவப்பான ‘பிங்க் பியூட்டி’, இலையின் அடியில் வெண்திட்டும் விளிம்பில் மடிப்பும் கொண்ட ‘புளூ கேர்ள்’. மூன்றும் ‘புளூ பாய்’ செடியில் தோன்றிய திடீர்மாற்றங்களே. எவையும் திட்டமிட்ட கலப்பில் பிறந்தவையல்ல.

ஒற்றை உயிரணு

இத்தனை மாற்றங்கள் ஏன் இச்செடியில் இவ்வளவு எளிதாக வெளிப்பட்டன? விடை இலைக்காம்பின் உடற்கூற்றில் உள்ளது. 1937இல் நெய்லரும் ஜான்சனும் வெளியிட்ட திசுவியல் ஆய்வு, நட்ட இலையின் காம்பில் புதிய தளிர்கள் மேற்தோலின் உயிரணுக்களிலிருந்து எழுவதைக் காட்டியது. பிற்கால ஆய்வுகள் ஒரு தளிர் பெரும்பாலும் ஒரே உயிரணுவிலிருந்து உருவாகலாம் என்பதை வலுப்படுத்தின. பெரும்பாலான பயிர்களில் ஓர் உயிரணு மாறினால், அது மாறாத திசுக்களின் நடுவே ஒரு புள்ளியாக மறைந்துபோகும். ஆப்பிரிக்க வயலட்டிலோ மாறிய அந்த ஒற்றை உயிரணுவே முழுச்செடியாக வளரக்கூடும். வேர் முதல் பூ வரை புதிய பண்பு நிறைந்திருக்கும். என் பார்வையில், இந்தச் செடியின் வரலாற்றில் வேறெந்த உண்மையும் இவ்வளவு முக்கியமானதல்ல. நெதர்லாந்தின் வாகெனிங்கன் நகரில் ப்ரோர்ட்ஜெஸ் 1960களின் பிற்பகுதியிலிருந்து இலைகளில் எக்ஸ் கதிரையும் விரைவு நியூட்ரான்களையும் பாய்ச்சிக் கிடைத்த மாற்றங்களை ஆராய்ந்தார். அவரது தட்டுகளில் மாறிய கன்றுகளுள் பெரும்பான்மையானவை முழுச்செடியும் ஒரே தன்மையோடு மாறியவை; வீட்டு வளர்ப்பாளர்கள் முப்பது ஆண்டுகளாகத் தற்செயலாகப் பெற்றுவந்ததை அவர் ஆய்வகத்தில் விரைவுபடுத்திக் காட்டினார் எனலாம்.

‘பிங்க் பியூட்டி’ இன்னொன்றையும் உணர்த்துகிறது. நீலம் ஓங்கு பண்பு, இளஞ்சிவப்பு ஒடுங்கு பண்பு. நீலக் காரணி இரண்டும் இருக்கும் செடியில் ஒன்று சிதைந்தாலும் பூ நீலமாகவே இருக்கும். ஒரே அடியில் இளஞ்சிவப்பு தோன்றியிருப்பதால், ‘புளூ பாய்’ தனக்குள் ஓர் இளஞ்சிவப்புக் காரணியை முன்பே மறைத்து வைத்திருந்தது என்று ஊகிக்க இடமுண்டு. அப்படியானால் பெனாரி, சட்டன்ஸ் விதைகளின் பன்மையும் இலைநடவின் நிலைத்தன்மையும் கைகோத்ததன் விளைவுதான் அந்தப் பூ.

தூரிகை வந்தபோது

1946 நவம்பரில் அட்லாண்டாவில் நடந்த மலர்க்காட்சியைத் தொடர்ந்து அமெரிக்க ஆப்பிரிக்க வயலட் சங்கம் உருவானது. பிறகு ரகப் பதிவும் அதன் பொறுப்பில் வந்தது. அதிலிருந்து முறையான கலப்பு வேகமெடுத்தது. பூவில் இரண்டு மகரந்தப்பைகள் மட்டுமே உள்ளன. தானாக வெடித்து மகரந்தத்தைக் கொட்டுவது அரிது. பையை ஊசியால் கிழித்து, தூளை நகத்திலோ தூரிகையிலோ எடுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் சூல்தண்டின் முடியில் தடவுவார்கள். கலப்பு பிடித்தால் காய் தடிக்கும். அது முற்ற ஆறு முதல் ஒன்பது மாதம் வரை ஆகும். தூசிபோன்ற விதையை மண்ணின்மேல் தூவ வேண்டும், மூடக் கூடாது. முளைத்து முதல் பூ விரிய இன்னும் ஏறத்தாழ அவ்வளவு காலம். வயலட் வளர்த்தவர்களுக்கு இப்பொறுமை பழக்கமானது. ஆய்வாளர்கள் இதை மறந்துவிடுவதுண்டு.

கலப்பின் முதல் பெரிய இலக்கு அடுக்கு இளஞ்சிவப்பு. நியூயார்க் மாநிலத்தின் டோல்ஜ்வில் ஊரைச் சேர்ந்த லிண்டன் லயன் 1954இல் அதைக் காட்சிக்கு வைத்தார். தூய அடுக்கு நீலமும் ஒற்றை இளஞ்சிவப்பும் கலந்தால் முதல் தலைமுறையில் இளஞ்சிவப்பே கிட்டாது. அங்கேயே மனம் தளர்ந்தவர்கள் பலர் இருந்திருக்க வேண்டும். முதல் தலைமுறையின் அடுக்கு நீலச் செடியைத் தன்மகரந்தத்தால் கருவுறச் செய்தால், மெண்டல் கணக்குப்படி பதினாறில் மூன்று நாற்றுகள் அடுக்கு இளஞ்சிவப்பாகும். அதற்கு இரண்டு தலைமுறைகள் காத்திருக்க வேண்டும். பரவலான மின்குழல் விளக்குகள் அந்தக் காத்திருப்பைச் சுருக்கின; குளிர்கால இருளிலும் அடித்தளங்களில் நாற்றுகள் வளர்ந்தன.

காட்டு இனங்களும் இக்காலத்தில் வந்து சேர்ந்தன. படரும் தண்டுடைய குரோட்டை இனம் தொங்குகூடை ரகங்களுக்கும், சிறிய இலையுள்ள ஷூமென்சிஸ் குட்டி ரகங்களுக்கும் பயன்பட்டன. ஜெர்மனியில் ஹெர்மன் ஹோல்ட்காம்ப் உதிர்வுக்கு எதிராக உழைத்தார். பழைய ஒற்றைப் பூக்கள் வண்டிப்பயணத்தில் உதிர்ந்துவிடும். உதிராத பூவுடைய ‘ராப்சடி’ வரிசை 1960களில் வந்து செடியை மொத்த வணிகத்துக்கு உரியதாக்கியது.

இலையால் கொண்டுசெல்ல இயலாதவை

இலைநடவின் எல்லையும் அதே உடற்கூற்றிலிருந்தே தெரிகிறது. இதழில் சக்கரம்போல் பட்டை தீட்டிய ‘கைமீரா’ ரகங்களில் மேற்தோலும் உள்திசுவும் வேறு மரபணு அமைப்பு கொண்டவை. இலையை நட்டால் கன்று ஓர் உயிரணுவிலிருந்து எழுவதால் பட்டை போய்விடும். ஒரே நிறப் பூதான் கிட்டும். லைன்பர்கரும் ட்ரக்கன்ப்ராடும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. எனவே இவற்றைப் பெருக்க, நடுக்குருத்தை வெட்டியபின் எழும் பக்கக்கன்றையோ பூத்தண்டின் இலைக்கோணத்தில் எழும் மொட்டையோ நம்ப வேண்டும். ஒரு செடிக்குச் சில கன்றுகளே கிடைப்பதால் விலை இன்றும் உயர்ந்திருக்கிறது.

மஞ்சளும் இவ்வழியில் வரவில்லை. நீலமும் இளஞ்சிவப்பும் வெண்மையும் ஆந்தோசயனின் நிறமியின் வகைமாறுதலாலும் இழப்பாலும் பிறந்தவை. மஞ்சள் அந்தக் கிளையில் இல்லை. மிசூரி மாநிலத்தின் நோலன் பிளான்சிட் 1980களின் இறுதியில் ‘ஹிஸ் ப்ராமிஸ்’ போன்ற ரகங்களை வெளியிட்டபோதுதான் மஞ்சள் முதன்முதலாகப் பூவில் தீற்றலாக வந்தது. நூற்றாண்டுக் கனவு என்று வளர்ப்பாளர்கள் அதைக் கொண்டாடியதில் மிகையில்லை.

வகைப்பாட்டியலும் இதற்குள் நகர்ந்தது. 2006இல் டார்பிஷைர் இனங்களை ஆறாகக் குறைத்தார். 2015இல் நிஷியும் உடன் ஆய்வாளர்களும் செயின்ட்பாலியாவை ஸ்ட்ரெப்டோகார்பஸ் பேரினத்துக்குள் சேர்த்தனர். இந்த ஒருங்கிணைப்பு கலப்பாளர்களுக்குப் புதிய திசையைத் திறக்குமா என்பதைவிட, எனக்கு அவசரமாகப் படுவது காட்டு நிலை. இன்றைய ரகங்களில் பெரும்பாலானவை மிகச் சில தொடக்கச் செடிகளின் வழித்தோன்றல்கள். புதிய பண்புகளின் மிச்ச இருப்பு கிழக்கு உசம்பாராவின் ஈரப்பாறைகளில் உள்ளது. அக்காடுகள் வேளாண்மைக்கும் மரத்துக்குமாகச் சுருங்கி வருகின்றன. வால்டர் செடி எடுத்த டாங்காவின் சுண்ணாம்புப் பாறைகளைச் சுற்றியும், அருகிலுள்ள அம்போனி குகைப் பகுதியிலும், நிழல் தரும் மரங்கள் போனால் செடி போய்விடும். வெயிலைத் தாங்காத அது பாறையின் ஈரத்தை நம்பியே வாழ்கிறது.