ஓயாது ஓடும் வண்டியும் ஓய்ந்துவிடும் யந்திரமும்



அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஊரே கூடி வடம்பிடிக்கும் பெருந்தேரின் ஓட்டம், கைக்கு அடங்கும் ஆணியொன்றிலே தங்கியிருக்கிறது. மோட்டார் வண்டிப் பந்தயங்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இவ்வுண்மை மீண்டும் மீண்டும் புலனாகும். அதிலும், செல்வமும் புகழும் இல்லாத சாதாரண மக்கள், தேய்ந்துபோன பழைய வண்டிகளைக் கொண்டு நடத்தும் நெடுநேரப் பந்தயங்களில் அது தெளிவாக விளங்குகிறது. அவ்வண்டிகளின் யந்திரங்கள் ஏன் இடைவழியில் உயிர்விடுகின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பந்தயங்கள் இருவகைப்படும். குறித்த தூரத்தை முதலில் கடப்பவன் வெல்வது ஒருவகை. குறித்த நேரம் முடியும்வரை ஓய்வின்றி ஓடி, மிகுந்த தூரம் சென்றவன் வெல்வது மற்றொருவகை. பின்னையதிலே வேகத்தினும் பொறுமையே பெரிது. இத்தகைய சோதனை தொன்மையானது. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புரூக்லன்ட்ஸ் ஓட்டப்பாதை திறக்கப்பட்டபோது, எட்ஜ் என்பவர் நேப்பியர் வண்டியொன்றைத் தனியொருவராக 24 மணி நேரம் செலுத்தி, 1,581 மைல் தூரம் ஓடிக் காட்டினார்.

பின்னர், 1923ஆம் ஆண்டு மே மாதத்தில், பிரான்சு தேசத்து லெ மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம் தொடங்கிற்று. அதன் நோக்கம் நாம் கருத்திற் கொள்ளத்தக்கது. பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகளையன்றி, மக்கள் வாங்கி ஓட்டும் வண்டிகளைச் சோதித்து, அவற்றின் உறுதியை உலகுக்குக் காட்டுவதே அந்நோக்கமாகும். முதற்பந்தயத்தில் ஓடத்தொடங்கிய 33 வண்டிகளுள் 30 வண்டிகள் இறுதிவரை நின்றன. வென்றவர்களாகிய லகாஷ், லெயோனார் ஆகிய இருவரும் செலுத்திய வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 92 கிலோமீற்றர் அளவே. அன்றைய யந்திரங்கள் பிழைத்ததற்கு அவற்றின் மெதுவான நடையும் ஒரு காரணம் எனலாம்.

வேகம் வளர வளர அச்சோதனை கொடியதாயிற்று. 1952ஆம் ஆண்டு லெ மானில், பியேர் லெவே என்னும் பிரெஞ்சுக்காரர் தம் சொந்தச் செலவிற் செம்மைசெய்த தல்போ வண்டியிலே போட்டியிட்டார். துணைச்சாரதி ஒருவர் ஆயத்தமாக இருந்தும், அவரிடம் வண்டியைக் கொடாது, இராப்பகலாகத் தாமே செலுத்தினார். பெரும் பொருள்வளம் படைத்த மேர்சிடிஸ் வண்டிகளை நான்கு சுற்றுக்கள் பின்தள்ளி முன்னணியில் நின்றார். பந்தயம் முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மிகுதியாக இருக்கையில் அவருடைய யந்திரம் உடைந்தது; வெற்றி மேர்சிடிஸுக்குப் போயிற்று. களைத்த கை கியரைத் தவறவிட்டமையே காரணம் என்பர் சிலர். யந்திரத்தின் முக்கிய சுழல்தண்டைத் தாங்கும் பகுதியில் ஆணியொன்று முன்னரே தளர்ந்திருந்தது, அதை உணர்ந்தமையாலேதான் அவர் வண்டியைப் பிறரிடம் கொடுக்கவில்லை என்பர் வேறு சிலர். எது மெய்யாயினும், அவ்விரு காரணங்களும் இன்றுவரை யந்திரங்களைக் கொன்று வருகின்றன.

இனி, ஏழைகளின் பந்தயத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்ணியாவில், ஜே லாம் என்னும் பத்திரிகையாளர் லெ மான் பந்தயத்தைப் பரிகசிக்கும் பெயரோடு "லெமன்ஸ்" பந்தயத்தைத் தொடக்கி வைத்தார். லெமன் என்பது எலுமிச்சம்பழத்தின் பெயராயினும், ஆங்கிலத்தில் உதவாக்கரை வண்டியையும் குறிக்கும். வண்டியின் விலை 500 டொலருக்கு மேற்படலாகாது என்பதே அதன் தலையாய விதி. உயிர்காக்கும் இரும்புக் கூடு, தடை முதலியவற்றின் செலவு இதிற் சேராது. விலையை மறைத்தவர்கள் எனச் சந்தேகிக்கப்படுவோருக்கு நடுவர் சுற்றுக்களைக் குறைத்துத் தண்டனை விதிப்பர். பெரும்பாலான போட்டிகள் இரண்டு நாட்களிற் பகிர்ந்து ஓடப்படுகின்றன. நண்பர் சிலர் கூடிப் பணம் சேர்த்து, மாதக்கணக்காக உழைத்து, வண்டியைக் கொண்டுவருவர். முதல் மணி நேரத்திலேயே யந்திரம் நொறுங்குமாயின், அவர்தம் உழைப்பும் பொருளும் விடுமுறையும் ஒருங்கே வீணாகும்.

அவ்வாறு நொறுங்குவதேன்? இதை அறிய, எண்ணெயின் இரகசியத்தை முதலில் அறிதல் வேண்டும். 1883ஆம் ஆண்டு, போஷாம் டவர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், புகைவண்டி அச்சின் உராய்வைச் சோதித்துக் கொண்டிருந்தார். அச்சைத் தாங்கும் உலோகத்தின் உச்சியில் எண்ணெய் ஊற்றுவதற்கென ஒரு துளையிட்டார். எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாகப் பொங்கி மேலே வழிந்தது. துளையை அடைத்தார், அடைப்பு தானாகவே வெளித்தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, சுமையின் சராசரி அழுத்தத்தைப்போல் இருமடங்குக்கு மேல் அது காட்டிற்று. சுழலும் அச்சு தானே எண்ணெயை இடுக்கினுள் இழுத்து, அதன்மேல் மிதக்கிறது என்பது அதனாற் புலனாயிற்று. 1886இல் ஒஸ்போர்ண் றெனால்ட்ஸ் இதனைக் கணிதமுறையால் விளக்கினார்.

மோட்டார் வண்டியின் யந்திரமும் இவ்வாறே மிதந்து வாழ்கிறது. சுழல்தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயரிங்குக்கும் இடையே தாளினும் பன்மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. அப்படலம் உள்ளவரை உலோகத்தோடு உலோகம் உரசுவதில்லை. அது கணநேரம் அறுந்தாலும் மெல்லிய பெயரிங் உருகித் தண்டைப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனைச் சுழல்தண்டோடு பிணைக்கும் இணைப்புத் தண்டு முறிந்து, யந்திரத்தின் சுவரையே துளைத்து வெளிவரும்.

படலம் அறுவதேன்? சாதாரண வண்டிகளில் எண்ணெய் யந்திரத்தின் அடியிலுள்ள தட்டையான தொட்டியிலே தங்கியிருக்கும். தொட்டியின் ஓரிடத்தில் நிற்கும் குழாய் அதனை உறிஞ்சும். பாதி நிறைந்த பாத்திரத்தை ஏந்திக்கொண்டு விரைந்து திரும்புங்கால் நீர் ஒருபுறம் ஏறுவதை நாம் கண்டிருக்கிறோம். வளைவிலே வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை புவியீர்ப்புக்குச் சமமாகுமாயின், எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும். அப்போது உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். வீதியில் இத்தகைய வளைவு எப்போதோ ஒருமுறை நேரலாம்; பந்தயப்பாதையிலோ சுற்றுக்குச் சுற்று நேரும். மேலும், தேய்ந்த யந்திரம் ஓடும்போதே எண்ணெயை எரித்துக் குறைத்துவிடுவதால், மாலையிலே ஆபத்து காலையினும் பெரிது. பொருள் படைத்தோர் எண்ணெயைப் புறத்தே தனிக்கலத்தில் வைத்து ஊட்டுகின்றனர். ஏழைப் போட்டியாளனோ தொட்டிக்குள்ளே தடுப்புத் தகடுகளைப் பற்றவைத்து, எண்ணெயைச் சற்று மிகுதியாக ஊற்றி, அழுத்தமானியிற் கண்வைத்து ஓடுகிறான்.

இரண்டாவது பகை வெப்பம். பழைய வண்டியின் றேடியேற்றரிலே பல்லாண்டு அழுக்குத் தங்கியிருக்கும். நீர்க்குழாய்கள் உலர்ந்து வெடித்திருக்கும். பல யந்திரங்களின் அடிப்பாகம் இரும்பாலும் தலைப்பாகம் அலுமினியத்தாலும் ஆனவை. சூட்டினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். அளவுமீறிக் காய்ந்தால் தலைப்பாகம் கோணும். இடையிலுள்ள காஸ்கெற் கிழியும். நீரும் எரிவாயுவும் கலக்கும். இங்கே ஒரு வஞ்சகமும் உண்டு. நீர் முற்றாக ஒழுகிப்போனபின், வெப்பமானியின் முனை நீரில் மூழ்காமையால், முள் கீழே இறங்கிக் காட்டக்கூடும். வண்டி குளிர்ந்துவிட்டதென மகிழும் சாரதி அதனைச் சாவுக்கே செலுத்துகிறான்.

மூன்றாவது பகை மனிதனின் கை. நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும் யந்திரத்திலே, ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 200 தடவை நின்று திரும்புகிறது. சுழற்சி இருமடங்கானால், அப்பாகங்களை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். மேற்கியருக்குச் செல்ல நினைத்த கை தவறிக் கீழ்க்கியரைத் தொடுமாயின், சக்கரங்களே யந்திரத்தைச் சுழற்றுவதால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி எதுவும் அதைக் காவாது. வால்வுகள் மூடுமுன் பிஸ்டன் மேலெழுந்து மோதும். லெவேயின் களைப்பைப் பற்றிச் சிலர் கூறியது இதுவே.

நான்காவது, வியப்பானதொரு காரணம்: ஆசை. பழைய யந்திரத்தை அவிழ்த்து, வலுவைக் கூட்டுவதாக எண்ணித் திருத்துவோர் பலர். அவிழ்த்த இடத்தில் ஒரு துளி மணலோ உலோகத் துகளோ தங்கினாற்கூட எண்ணெய் அதனைப் பெயரிங்குக்கு எடுத்துச் செல்லும். கூட்டிய வலுவோ கூட்டிய வெப்பமாகும். ஆலையிலிருந்து வந்தபடியே விடப்பட்ட, சோம்பேறி எனப் பெயர்பெற்ற யந்திரமொன்று, திருத்தப்பட்ட வீரர்களைத் தாண்டி நிலைத்து ஓடுவது அங்கே அரிதன்று.

நிமிடத்துக்கு 5,000 சுற்று வீதம் 14 மணி நேரம் ஓடினால், யந்திரம் 42 இலட்சம் தடவை சுழன்றிருக்கும். அத்தனை சுழற்சியிலும் ஒன்று தவறினாலும் போதும். ஆகவே வெல்பவன் பெரும்பாலும் வேகமானவன் அல்லன். சுழற்சியைச் சிறிது குறைத்து, மானிகளைப் பார்த்து, ஐயம் எழுந்தவுடன் வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்து பார்ப்பவனே வெல்கிறான். இரண்டு நிமிட இழப்பைப் பொறாதவன் இரண்டு நாட்களையும் இழக்கிறான்.

இருப்பினும், யந்திரம் உடைந்தவுடன் எல்லாரும் வீடு திரும்புவதில்லை. இரவிரவாகப் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு யந்திரத்தைத் தேடிக் கொணர்ந்து பொருத்துவோர் உண்டு. அக்கணமே எதிரணியினர் தம் கருவிகளையும் கைகளையும் கொடுத்துதவுவர். மிகச் சிறந்த திருத்தத்துக்கென ஒரு பரிசே அங்கு வழங்கப்படுவதுண்டு. 1923இல் லெ மானிலே பெரியோர் வேண்டியது, மக்களின் வண்டி எத்துணை உறுதியானது என்பதை மக்கள் அறிய வேண்டும் என்பதே. லெ மானின் வண்டிகள் இன்று கோடிகளால் ஆனவை. அந்தப் பழைய நோக்கம் 500 டொலர் வண்டிகளின் பக்கமாகத் திரும்பி வந்திருக்கிறது. உடைந்த யந்திரத்தைப் பிளந்து பார்த்து, எங்கே எண்ணெய் அறுந்தது என்று கண்டுகொள்ளும் ஒரு தச்சனோ எழுதுவினைஞனோ, டவரும் றெனால்ட்ஸும் கண்ட உண்மையைத் தன் கைப்பொருளை இழந்து தானே கண்டறிகிறான். அவ்வாறு பெற்ற அறிவை அவன் எளிதில் மறப்பதில்லை.