தும்புத்தடி நிற்கும் இடம்

யாழ்ப்பாணத்து வீட்டில் விளக்குமாறு எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தரைதான் தீர்மானித்தது. மணல் முற்றமும் சாணம் மெழுகிய தரையுமாக வீடுகள் இருந்த காலத்தில் ஈர்க்குக் கட்டே போதுமாக இருந்தது. தென்னோலையிலிருந்து ஈர்க்கை உரித்துச் சீவிக் காயவைத்து, ஒரு பிடி சேர்ந்ததும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். தனியாகக் கைப்பிடி கிடையாது. விடியப்புறம் குனிந்து முற்றத்தைக் கூட்டி, சாணித் தண்ணீர் தெளித்து முடிந்ததும் கிடுகுக் கூரையின் தாவாரத்தில் அதைச் செருகிவிடுவார்கள். அங்கே மழை நனைக்காது, கறையான் ஏறாது, கோழி இழுக்காது. அதற்கென்று தனியே ஒரு தாங்கி செய்ய வேண்டிய தேவை எவருக்கும் வரவில்லை.

ஈர்க்குக் கட்டு கூட்டக் கூட்டத் தளரும். அடிப்பக்கத்தைத் தரையில் இரண்டு முறை குத்தினால் ஈர்க்குகள் ஒரே மட்டத்துக்கு வந்து கட்டு மறுபடி இறுகும். ஆகவே அடி கீழேயும் நுனி மேலேயுமாக நிறுத்துவதே அதன் உடலுக்கு ஏற்றது. நுனி தரையில் ஊன்ற நிறுத்தினால் முழுப் பாரமும் மெல்லிய முனைகளில் விழுந்து அவை வளைந்துபோகும். பிறகு அது கூட்டாது, மணலைக் கீறும். ஆனால் நுனியை மேலே பார்க்க வைப்பது வீட்டுக்கு ஆகாது என்று நம்பியவர்கள் பலர். மூத்த தேவியின் கையில் இருப்பது துடைப்பம். பொழுதுபட்ட பிறகு கூட்டினால் இலட்சுமி போய்விடுவாள், விளக்குமாற்றில் கால் படக்கூடாது, வருகிறவர் கண்ணில் அது படக்கூடாது என்று விதிகள் அடுக்கடுக்காக இருந்தன. அதனால் கதவுக்குப் பின்னாலோ கோடிப்புறச் சுவரோடோ அது ஒளிக்கப்பட்டது.

அதே பொருளுக்குக் கோயிலில் வேறு மரியாதை. அங்கே அதன் பெயர் திருவலகு. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடையில் திருவலகிடுவதைத் திருத்தொண்டாக வைத்து, சிறு உயிர்கள் சாகாதபடி மெல்லக் கூட்டச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் கூட்டும் வேலை ஒன்றுதான். சந்நிதியில் புண்ணியமாகவும் வீட்டில் ஒளிக்க வேண்டியதாகவும் அந்த வேலை பிரிந்து நின்றதை யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும்.

சீமெந்துத் தரை வந்ததும் கணக்கு மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்களின் பணம் ஊரில் கல்வீடுகளாக எழுந்தது. 1950இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பின் சீமெந்து உள்ளூர்ச் சரக்காயிற்று. வழவழப்பான தரையில் ஈர்க்கு தூசியைத் தள்ளாது, தாண்டிப் போய்விடும். அங்கே தேவைப்பட்டது தும்பு: மரக்கட்டையில் நெருக்கமாகப் பதித்து, நெஞ்சுயரத் தடி பூட்டிய தும்புத்தடி. நின்றபடியே கூட்டலாம். ஆனால் ஓட்டுக் கூரைக்குக் கீழே, வெள்ளையடித்த சுவருள்ள வீட்டில், நீளத் தடியை எங்கே செருகுவது? சுவரோடு சாத்தினால் சறுக்கி விழும், விழும்போது வெள்ளைச் சுவரில் கோடு கிழிக்கும். தாங்கி என்ற சிந்தனை இந்தத் தொல்லையில்தான் பிறக்கிறது.

தும்பு என்றால் தென்னந்தும்பு மட்டும் அல்ல. பனை மட்டை மரத்தோடு ஒட்டும் அடிப்பகுதிக்குள் விறைப்பான நார் இருக்கிறது. வடலிகளிலிருந்து அந்த அடிமட்டையை வெட்டி, கட்டையால் அடித்துச் சதையைப் பிரித்து, இரும்புப் பற்கள் வைத்த சீப்பில் வாரி, நீளம் நீளமாகத் தரம் பிரித்துக் கட்டுவார்கள். கை கிழியும் வேலை. தென்னந்தும்பைவிட இந்த நார் விறைப்பு, ஈரத்துக்கும் நன்றாகத் தாங்கும். பிரேசிலிலிருந்து வந்த பியசாவா நாரை நம்பியிருந்த ஐரோப்பியத் தூரிகைத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பனந்தும்பையும் எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கப்பலேறிய கட்டுகள், துளையிட்ட கட்டைகளில் சூடான கீலில் தோய்த்துப் பதிக்கப்பட்டு, அங்கே தெருக்கூட்டும் தூரிகைகளாயின. வில்லியம் பெர்குசன் 1850இல் பனையைப் பற்றித் தனி நூலே எழுதியிருந்தார். பனையின் 801 பயன்களைப் பாடுவதாகச் சொல்லப்படும் தால விலாசத்தை ஆங்கில வாசகருக்கு அறிமுகப்படுத்தியதும் அந்த நூல்தான்.

தூர தேசத்துத் தெருவைக் கூட்டிய தும்புக்கு ஊரில் மதிப்பு இருக்கவில்லை. யாழ்ப்பாண நகரத்தின் தெருக்களையும் வாளி மலகூடங்களையும் சுத்தம் செய்யத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1949இல் மாநகர சபை அமைந்த பிறகும் அந்த வேலை அவர்கள் பரம்பரையின் தலையிலேயே இருந்தது. ஊர்ப் பேச்சு ஒன்றும் இங்கே நினைவுக்கு வரும். தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்ற 1977ஆம் ஆண்டுத் தேர்தல் காலத்தில், கூட்டணி சார்பில் தும்புத்தடியை நிறுத்தினாலும் வெல்லும் என்றார்கள். இருப்பதிலேயே மதிப்புக் குறைந்த பொருளைத் தேடியவர்களுக்கு முதலில் அகப்பட்டது தும்புத்தடி.

அமெரிக்காவில் வேறொரு கதை. ஷேக்கர் என்ற எளிய வாழ்வுக் கிறித்தவச் சமூகத்தார் வேலையையே வழிபாடாகக் கொண்டவர்கள். இன்று உலகமெங்கும் உள்ள தட்டைத் துடைப்பத்தை 1798ஆம் ஆண்டளவில் வடிவமைத்தவர் என்று அவர்களில் ஒருவரான தியடோர் பேட்சைச் சொல்வார்கள். அவர்களுடைய அறைகளில் சுவரைச் சுற்றி ஒரு மரப்பட்டியும் அதில் வரிசையாக முளைகளும் இருக்கும். நாற்காலி, தொப்பி, துடைப்பம் எல்லாம் அந்த ஒரே வரிசையில் தொங்கும். துடைப்பம் ஒளிக்கப்படவில்லை.

அந்த மரப்பட்டிக்குப் பனஞ்சிலாகையைவிடப் பொருத்தமான மரம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. வைரம் பாய்ந்த பனைக்குக் கறையான் எளிதில் வராது. ஒரு முழச் சிலாகையில் இரண்டு முளைகளைத் தடியின் பருமனைவிட நூலளவு கூடுதலான இடைவெளியில் அடித்தால் போதும். தும்புக்கட்டை மேலே தங்கி, தடி கீழே தொங்கும். வீட்டுக்குள் கூட்டும் உலர்ந்த தும்புத்தடிக்கு இது சரி. கிணற்றடியிலும் குளியலறையிலும் புழங்கும் ஈரத் தூரிகையை இப்படித் தலைகீழாக வைத்தால் தண்ணீர் கட்டைக்குள் இறங்கும், ஆணி துருப்பிடிக்கும், தடி பூட்டிய துளை உக்கும். அதற்குத் தடி முனையில் துளையிட்டுக் கயிறு கோத்து, தும்பு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நிற்கத் தொங்கவிட வேண்டும். ஈர்க்குக் கட்டுக்கு உயரமான தகரப் பேணியின் அடியில் ஒரு சாண் மணல் போட்டாலே அடி கீழே, நுனி மேலே சாயாமல் நிற்கும்.

உள்நாட்டுப் போரின் நடுவே 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது சவர்க்காரமும் சீமெந்தும் அரிதாகி, பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்த வீடுகள் பல. பதுங்குகுழிக் கூரைகளுக்காகப் பனைகள் தோப்புத் தோப்பாக விழுந்ததும் அந்தப் போர்க்காலத்தில்தான். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை போருக்குப் பிறகு தன் பணிகளை மீண்டும் விரித்திருக்கிறது. ஆனால் கடைகளில் நிற்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் தும்புத்தடிகள்தான், அவற்றின் பிளாஸ்டிக் கொளுக்கிகளும் அருகிலேயே தொங்குகின்றன. பனந்தும்புத் தூரிகையோடு இரண்டு முளை அடித்த ஒரு பனஞ்சிலாகையையும் சேர்த்து விற்றால், மட்டை வெட்டுகிறவர் முதல் தச்சர் வரை எல்லோருக்கும் வேலை கிடைக்கும்.